கோர்க்கிற நூல் யார் கையில்? கிறிஸ்தவச் செவ்வியல் வீட்டுக்கல்வி குறித்துச் சில குறிப்புகள்

பள்ளிக்கூடம் அறிவைக் கூறு போட்டு விற்கிறது என்பது நாம் ஓயாமல் பேசிவந்த விஷயம். எட்டு பீரியட், எட்டு மணியடிப்பு, எட்டு வாத்தியார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆகவே பாடங்களை ஒன்றோடொன்று கோர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை நம் பக்கத்து ஆளாக எடுத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பார்க்கலாம் என்பதற்காக இந்தக் குறிப்புகள். கோர்ப்பது நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே பிரச்சினை. எந்த நூலில் கோர்க்கிறார்கள், கோர்க்கும்போது எந்த மணி கீழே விழுகிறது, அது விழுந்தது தற்செயல்தானா என்பதே பிரச்சினை.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கிறிஸ்தவச் செவ்வியல் கல்வி. அதிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் வைத்துக் கற்பிக்கிற அதன் வடிவம். இது அமெரிக்க வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். படப்பைப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்துக்கு ஒன்றரை வருஷமாக வாரம் இருமுறை போய் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து வேலையை விட்டவர். மூத்த பையனுக்குப் பதினோரு வயது. கடல் கடந்து வந்த பாடப்பெட்டியை வைத்துக்கொண்டு அந்த அம்மாதான் எல்லாம் நடத்துகிறார். நம் நாட்டில் வீட்டுக்கல்விக்கென்று தனிச்சட்டம் எதுவுமில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் குடும்பங்கள் இதில் இறங்குகின்றன.

இதன் கோட்பாட்டு மூலம் டோரதி சேயர்ஸ். துப்பறியும் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர், தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வாசித்த ஒரு கட்டுரை, இன்றைய மாணவர் பாடங்களைக் கற்கிறார், சிந்திக்கக் கற்பதில்லை என்று குற்றம்சாட்டியது. அதற்கு மருந்தாக இடைக்கால ஐரோப்பாவின் முக்கலைகளை, அதாவது இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை ஆகியவற்றைக் குழந்தையின் மூன்று பருவங்களோடு பொருத்தினார். முதலில் கிளிப்பிள்ளைப் பருவம்: எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் பண்ணும். அடுத்தது எதிர்த்துப் பேசும் பருவம்: அப்போது தர்க்கத்தைக் கொடு. பிறகு தன்னைச் சொல்லத் தவிக்கும் பருவம்: அப்போது சொல்வன்மையைக் கொடு. இந்தக் கட்டுரை நாற்பது வருஷத்துக்கு மேல் பெரிய அளவில் யாராலும் சீண்டப்படாமல் கிடந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்று ஓர் ஊர் (ரஷ்ய மாஸ்கோ இல்லை, தோழர்கள் பதற வேண்டாம்). அங்கே 1981இல் லோகோஸ் என்ற பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டக்ளஸ் வில்சன் என்ற போதகர், 1991இல் ஒரு புத்தகம் எழுதி சேயர்ஸைத் தூக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகு இது ஓர் இயக்கமாயிற்று.

கோர்ப்பது எப்படி நடக்கிறது? ரோமாபுரி படிக்கிற வருஷம் என்றால் எல்லாமே ரோமாபுரிதான். லத்தீன் வேர்ச்சொற்கள், அப்போஸ்தலர் நடபடிகள், பவுலின் பயண வரைபடம், ரோமன் எண்கள், வளைவுப் பாலம் விழாமல் நிற்பதற்கான வடிவகணிதம். வீட்டுச் சுவரின் நீளத்துக்கு ஒரு காலக்கோடு. சிருஷ்டியில் தொடங்கி இன்று வரைக்கும். படிக்கிற ஒவ்வொன்றையும் அதில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். வரலாற்று நிகழ்ச்சிகளை வரிசையாகப் பாட்டாகவே பாடிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். எண்சுவடியும் நிகண்டும் ஒப்பித்த நம் திண்ணைப் பள்ளியைப் பிற்போக்கு என்று தூக்கிப் போட்ட நமக்கு, அதே சரக்கு இறக்குமதியாகி வருகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நூல் இறையியல்: அகிலமும் கிறிஸ்துவுக்குள் ஒன்றுசேர்ந்து நிற்கிறது, ஆகவே அறிவின் துறைகளும் அவருக்குள் ஒன்றே.

சும்மா சொல்லக் கூடாது, இது வேலை செய்கிறது. அந்தப் பையன் ஏசாயா தீர்க்கதரிசியையும் அசீரியப் படையின் இரும்பு ஆயுதங்களையும் சேர்த்துவைத்துப் பேசுவான். சேர்த்துப் பார்க்கிற கண் அவனுக்கு வாய்த்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையல்ல.

அந்த வீட்டில் ஞாயிறு சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். சுற்றுவட்டாரத்து விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் வருவார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். லைனில் எட்டு மணி நேரம் நின்று கைபேசித் திரையைப் பொருத்துகிறாள். "ஒளியியல்ல நான் படிச்சது வேற சார், இங்க என் கையில இருக்கிறது வேற. ரெண்டும் ஒண்ணுதான்னு யாரும் சொல்லல" என்றாள். எட்டு பீரியட் கல்வியின் மொத்த விமர்சனமும் இதற்குள் இருக்கிறது. அவளே ஒருநாள் சுவரில் ஒட்டியிருந்த ஏழு கலைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்: முக்கலைகள் மூன்று; கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் நான்கு. "அக்கா, நாங்க செய்யறது இதுல எதுல வரும்?" என்று கேட்டாள். அந்த அம்மா நேர்மையானவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வராதும்மா" என்றார்.

வராதுதான். அந்த ஏழுக்கும் லத்தீனில் பெயரே 'சுதந்திரர்களுக்குரிய கலைகள்' என்பது. அடிமையாக இல்லாதவன், கையால் உழைத்துப் பிழைக்க வேண்டாதவன் கற்கத் தகுந்தவை. கைவேலை அதற்கு வெளியே, அடிமையின் பக்கத்தில். ஆக, கோர்ப்பதற்கு முன்னாலேயே ஒரு வெட்டு விழுந்துவிட்டது. வெட்டிய பிறகு மிச்சமிருப்பதைக் கோர்த்துவிட்டு 'முழுமை' என்று பெயர் வைத்தால், அந்த முழுமையைக் கறாராக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இந்த வெட்டைத் தைக்கப் பார்த்தவர்கள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த செயின்ட் விக்டர் ஹியூகோ என்ற துறவி, நெசவு, உழவு, மருத்துவம், கப்பல் வணிகம் உள்ளிட்ட ஏழு கைத்தொழில் கலைகளையும் அறிவின் வரைபடத்துக்குள் கொண்டுவந்தார். 1658இல் கொமேனியஸ் வெளியிட்ட படப்புத்தகம் கடவுளில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் முடிகிறது. ஆனால் நடுவில் ரொட்டி சுடுபவர், கொல்லர், தச்சர் எல்லாரும் அவரவர் கருவிகளோடு வருகிறார்கள். படப்பைக்கு வந்த பெட்டியில் இவர்கள் இல்லை. வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இயக்கத்தை நிறுத்திய அதே டக்ளஸ் வில்சன், 1996இல் ஸ்டீவ் வில்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, அமெரிக்கத் தெற்கின் அடிமைமுறை சொல்லப்படும் அளவுக்குக் கொடுமையானதல்ல என்று ஒரு சிறுநூல் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். இயக்கத்திலுள்ள எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை; அந்த அம்மாவுக்கு இந்தச் சிறுநூலைப் பற்றித் தெரியவே தெரியாது. ஆனால் 'சுதந்திரரின் கலை'யை மீட்கப் புறப்பட்டவர் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்குவதில் வந்து நின்றதை வெறும் விபத்து என்று தள்ளிவிட முடியுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். அமெரிக்கப் பெட்டி வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே தமிழில் ஒரு கிறிஸ்தவக் கல்வி பாடங்களைக் கோர்த்திருக்கிறது. அதை அந்தக் காலக்கோட்டில் காணோம்.

தரங்கம்பாடியில் 1771இல் வந்து இறங்கியவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1813இல் அங்கேயே இறந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்திமரபில் வந்தவர். பொருளைக் கண்ணால் பார்க்கவைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அந்த மரபு. ஜான் ஐயர் மாணவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் படிப்பித்தார். வேதம் படிக்கிற அதே வீட்டில் சங்கு, சிப்பி, மீன், செடி. கடற்கரையில் பிடிபட்ட மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளோக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிவைப்பார். அந்த நன்றிக்காகவே பிளோக் 1793இல் ஒரு மீன் இனத்துக்கு 'ஜோனியஸ்' என்று பெயரிட்டார். நம் கடற்கரையில் கத்தாளை என்று விற்கிற மீன்களில் சில அந்த இனத்தைச் சேர்ந்தவைதான். அதைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்த தரங்கம்பாடி மீனவர் பெயரில் எந்த மீனும் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பள்ளியில் படித்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலி வேளாளர் குடும்பம். அப்பா காலத்தில் மதம் மாறியவர்கள். சுவார்ட்ஸ் ஐயர் பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பிறகு தரங்கம்பாடியில் படிப்பு. இருபது வயதுக்குள்ளாகவே தஞ்சாவூரில் பள்ளித் தலைமையாசிரியர். 1800 வாக்கில் அவர் இயற்றியது பெத்லகேம் குறவஞ்சி.

குறவஞ்சி என்றால் நமக்குக் குற்றாலம் ஞாபகம் வரும். தலைவி காதலில் வாடுவாள். குறத்தி வந்து தன் மலைவளமும் தான் சுற்றிய நாடுகளும் சொல்லிக் கைபார்த்துக் குறி சொல்லுவாள். அவளைத் தேடிக்கொண்டு சிங்கன் வருவான். அரண்மனையிலும் கோயிலிலும் ஆடப்பட்ட வடிவம். சாஸ்திரியார் இந்தக் கூட்டை எடுத்து, தலைவனைக் கிறிஸ்துவாக்கினார். அது எதிர்பார்க்கக் கூடியதுதான். எதிர்பாராதது வேறு. சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடும் கொப்பர்நிக்கஸ் வானியலும், கண்டங்களும் தேசங்களுமான உலகப் புவியியலும், உயிரினங்கள் பற்றிய செய்திகளும் அந்தக் கூட்டுக்குள் ராகம் தாளத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டன. குறத்தி தான் சுற்றிய நாடுகளைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே இலக்கண விதி. அந்த விதியின் வாயில் வழியாகத்தான் புவியியல் உள்ளே நுழைகிறது. இணைப்பதற்காகத் தனியாக ஓர் ஏற்பாடு தேவைப்படவில்லை, வடிவமே இணைத்துக்கொள்கிறது. சுவார்ட்ஸின் பொறுப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னரும் மராத்தியில் 'தேவேந்திர குறவஞ்சி' எழுதினார். அதிலும் குறத்திதான் உலகப் புவியியல் வகுப்பு எடுக்கிறாள். தஞ்சாவூரில் ஒரே காலத்தில் ஒரு கிறிஸ்தவக் கவிஞரும் ஓர் இந்து மன்னரும் புதிய அறிவைச் சொல்லக் குறத்தியின் வாயைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மிஷனரிக் கல்வி என்றாலே மேற்கின் திணிப்பு என்கிற நம் சூத்திரம் இங்கே அப்படியே பொருந்தாது.

இதை நான் சொன்னபோது அந்த அம்மா திகைத்துவிட்டார். சிறுவயதிலிருந்து ஆலயத்தில் சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவர். அவர் கொப்பர்நிக்கஸைப் பாடினார் என்று ஒருவரும் சொன்னதில்லை. மறுவாரம் காலக்கோட்டில் சாஸ்திரியார் ஏறிவிட்டார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது தமிழ்ப் பெருமைக் கட்டுரையாகிவிடும். அப்படி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நிறுத்த முடியாது.

1820களில் தஞ்சாவூருக்குப் புதிதாக வந்த மிஷனரிகள், திருச்சபைக்குள் சாதி வரிசை கூடாது, எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், திருவிருந்தில் பொதுக் கிண்ணத்தில் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்தத் தொடங்கினார்கள். வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பின் பேனா சாஸ்திரியாருடையது. 1829 வாக்கில், சாதியைத் திருத்த நினைப்பது மடமை என்று வாதாடியே அவர் ஒரு பிரதி எழுதினார். புதிய மிஷனரிகள் மீதான அவருடைய குற்றச்சாட்டுகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும்: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள்; சாதிகளைக் கட்டாயப்படுத்தி ஒன்றாக்குகிறார்கள்; விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள்; தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது பிளவு முற்றியது.

இந்தப் பட்டியலில் மூன்று நியாயம், ஒன்று மட்டும் அநியாயம் என்று பிரித்துப் பார்ப்பது நமக்குச் சுலபம். அவருக்கு அப்படி இல்லை. பூவும் பாட்டும் வேதமும் சாதியும் அவருக்கு ஒரே சரடு. தமிழ் என்பதே அந்தச் சரடுதான். சூரியனைச் சுற்றிப் பூமி ஓடுவதை ஏற்றுக்கொண்ட மனசு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குடித்த கிண்ணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய அறிவில் பாடங்கள் துண்டுபட்டிருந்ததால் வந்த கோளாறு இல்லை இது. மாறாக, மிக நன்றாகக் கோர்க்கப்பட்டிருந்ததால் வந்தது.

பையன் கேட்டான்: "அப்ப அவர் பாட்ட நாம பாடக் கூடாதா?" அவன் எதிர்த்துப் பேசும் பருவத்துக்கு வந்துவிட்டான் என்று சேயர்ஸ் சந்தோஷப்பட்டிருப்பார். பாடலாம், பாடும்போது கிண்ணத்தையும் நினைத்துக்கொள் என்றேன். அவன் அம்மாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்றும் அதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

கிறிஸ்தவர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நிலம், பொழுது, தெய்வம், உணவு, பறவை, பறை, தொழில், உணர்ச்சி எல்லாவற்றையும் ஒரே கட்டில் வைக்கும் திணைக் கோட்பாட்டைவிடப் பாடங்களை இணைத்த திட்டம் உலகத்தில் உண்டா என்று மேடையில் முழங்குகிறோம். உண்மைதான். ஆனால் தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் எங்கே வைக்கிறது? அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணையில். ஏவலுக்கு நிற்பவரின் காதல் பாடத்திட்டத்தின் மையத்துக்கு வராது. 'சுதந்திரரின் கலை' என்று ரோமாபுரி சொன்னதைத்தான் நாம் வேறு அழகோடு சொல்லியிருக்கிறோம்.

சரி, அப்படியானால் கைத்தொழிலைப் பாடத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்ததா? தமிழ்நாட்டில் இதைச் சொன்ன உடனே முதுகு சிலிர்க்க வேண்டும். 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு காந்தியின் ஆதாரக் கல்வி கைத்தொழிலையே எல்லாப் பாடங்களுக்கும் நூலாக்கியது. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வண்ணார் பிள்ளை துவைக்கவும் கொல்லர் பிள்ளை உலை ஊதவும் வீட்டுக்குப் போகட்டும் என்பதுதான் அதன் பொருள் என்று பெரியார் இயக்கம் அதற்குக் குலக்கல்வி என்று பேர் வைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் ஒழிந்தது. வீடும் தொழிலும் பாடமும் ஒன்றாக இணைந்த கல்விதான் அதுவும். வீடு என்பது நம்மூரில் சாதிக்கு உள்ளே இருக்கிறது. அதனால் வீட்டுக்கல்வி என்ற சொல்லை அமெரிக்கத் தாயும், இங்கே பள்ளிக்காகப் போராடிய தலைமுறையும் ஒரே அர்த்தத்தில் கேட்க முடியாது. எட்டு பீரியட் பள்ளியை எவ்வளவு திட்டினாலும், எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் என்ற வாக்குறுதி அதற்கு இருந்தது. வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை, அது வேறு கதை.

எனக்குத் தோன்றுவது இது. கைவேலையைப் பாடமாக்குவதற்கும், கைவேலை செய்பவர் பாடத்தைக் கோர்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னது குலக்கல்வி வரைக்கும் போகும். பின்னதை நாம் இன்னும் சரியாக முயன்று பார்க்கவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மற்றவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது என்று வரிசைப்படுத்திச் சொல்வது, காரணத்தை வாதிட்டு நிறுவுவது, அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்வது: முக்கலைகளும் அன்று ரோட்டில் நடந்தன. அதைக் கலை என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

ஜெபக்கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இப்போது அந்த வீட்டில் வகுப்பு மாதிரி ஒன்று நடக்கிறது. அந்த அம்மா சம்மதித்தார்; சம்மதித்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கைபேசித் திரையிலிருந்து தொடங்கச் சொன்னது இயற்பியல் படித்த பெண். அதிலிருந்து ஒளியியல், அதிலிருந்து கண்ணாடி, மணல். வேறொருத்தி தன் விடுதி நிற்கிற இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டாள். அதற்காக இந்த வட்டாரத்து ஏரிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்: எது வாய்க்கால், எது கலங்கல், எது இப்போது சிப்காட். பையன் வரைபடம் போடுகிறான். காலக்கோடு சுவரில் இடம் போதாமல் சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கிறது.

அடுத்து குறத்தியை எடுக்கலாம் என்று பேச்சு. 1800இல் தஞ்சாவூர்ப் பிரதிகளில் கண்டங்களைக் கற்பித்தவள் அவள். நிஜக் குறவர்களுக்கு என்ன கல்வி கிடைத்தது என்று பார்த்தால், 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். தெலுங்குப் பகுதியில் எருகுலர் என்று அழைக்கப்பட்ட அவர்களுடைய உறவினர்களுக்காக 1913 வாக்கில் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு உண்டாயிற்று. நடத்தும் பொறுப்பு ஒரு கிறிஸ்தவ அமைப்பிடம், சால்வேஷன் ஆர்மியிடம், ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய குடியிருப்புகளில் பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்குத் தொழில், எல்லாருக்கும் ஆஜர்ப் பதிவேடு. வெளியே போக அனுமதிச் சீட்டு. தேசாந்திரம் போனதைச் சொல்வதற்காகவே இலக்கியத்துக்குள் வரவழைக்கப்பட்டவளின் ஜனங்களுக்கு ஊரைவிட்டு நகர அனுமதி வேண்டியிருந்தது. 1952இல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதற்குமாக ரத்தானது.

அந்தப் பாடத்தை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கிறோம். ராத்திரி விடுதி கேட்டைப் பூட்டிவிடுவார்கள், நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்று பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.